விடியலுக்கு முன் செத்த மீன்கள்: கடலூர்க் கழியொன்றில் நேர்ந்த மீன்சாவு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தருகே கெடிலமும் உப்பனாறும் கடலோடு கலக்கின்றன. தெற்கிலிருந்து கடற்கரைக்கு இணையாக வரும் உப்பனாற்றின் கரையில் 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. நாட்டின் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட பட்டியலில் கடலூரும் இடம்பெற்றது. ஆகவே இந்தப் பக்கத்து நீரில் மீன் செத்து மிதந்தால் ஊரார் முதலில் ஆலைக் கழிவைத்தான் நினைப்பார்கள். அந்த நினைப்பு பல ஆண்டு அனுபவத்திலிருந்து வருவது. அதை வதந்தி என்று ஒதுக்க முடியாது. கீழே விவரிக்கும் நிகழ்வில் நாங்கள் கண்டறிந்த காரணம் வேறாக இருந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறோம். ஒரு கழியில் ஒரு விடியலில் நடந்ததற்கான விளக்கத்தை, ஆற்றங்கரை ஆலைகள் அனைத்துக்குமான நற்சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில், பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கிவைத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அதனால் வெள்ளாற்று முகத்துவாரம் இந்தியாவில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் முகத்துவாரங்களுள் ஒன்றாகியிருக்கிறது. ஆனால் ஆறுகளிலிருந்து கிளைத்து ஊருக்குள் நுழையும் சிறு கழிகளுக்கு அத்தகைய கவனம் கிடைப்பதில்லை. அவற்றில் அலையடிக்கும் காலம் எது, நீர் நின்றுபோகும் காலம் எது, எந்த மாதத்தில் எந்தக் குஞ்சு உள்ளே ஏறுகிறது என்பதெல்லாம் அங்கே இறங்கிப் பிழைப்பவர்களுக்குத் தெரியும். எழுத்தில் இருப்பது மிகக் குறைவு.

இந்த அறிக்கையில் வரும் கழி அப்படிப்பட்ட ஒன்று. ஊர்ப்பெயரையும் தொடர்புடையவர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். ஆற்றிலிருந்து பிரியும் இந்தக் கிளையின் குறுக்கே ஒரு தார்ச்சாலை செல்கிறது. முன்பு அங்கே சிறு பாலம் இருந்ததாகவும், சாலையை அகலப்படுத்தியபோது அதை எடுத்துவிட்டுச் சிமெண்ட் குழாய்களைப் பதித்ததாகவும் பெரியவர்கள் கூறினர். கழிக்குள் வரும் ஓதமும் வெளியேறும் வற்றமும் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். கழியின் உள்முனையில் ஊர்ச் சாக்கடைக் கால்வாய் வந்து விழுகிறது.

நிகழ்வு மே மாதத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் கழியை நம்பியிருக்கும் குடும்பங்கள் வழக்கத்தைவிட அதிகம். குறிப்பாக, இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குக் கடலில் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் வருமானம்.

முதல் நாள் காலையில் கண்டவை

நாங்கள் என்பது கல்லூரி விலங்கியல் துறையைச் சேர்ந்த இரு ஆசிரியர்களும் ஓர் ஆய்வு மாணவியும். தகவல் கிடைத்து நாங்கள் சென்று சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. சாலைக் குழாய்களுக்கு உட்புறம் இருந்த நீர்ப்பரப்பு முழுவதும் மீன்கள் வயிறு மேலாகக் கிடந்தன. சாலைக்கு வெளிப்புறம், ஆற்றுப் பக்கத்தில், செத்த மீன் ஏறக்குறைய இல்லை. இந்த ஒரு வேறுபாடே பல சந்தேகங்களைச் சுருக்கிவிடக் கூடியது. ஆற்று நீரோடு வந்த நஞ்சு என்றால் வெளிப்பக்கத்து மீன்களை விட்டுவைத்திருக்காது.

செத்தவற்றில் மடவையே மிகுதி. அடுத்து ஊடான், கிழங்கான், சில பெரிய கொடுவாக்கள். பெரும்பாலான மீன்களின் வாய் பிளந்தும் செவுள் மூடி விரிந்தும் இருந்தன. ஒரே இனத்திலும் பெரியவை கூடுதலாகச் செத்திருந்தன. விரலளவுக் குஞ்சுகள் பல கரையோரத்தில், மேல்நீரின் மெல்லிய படலத்தில் வாயை வைத்தபடி இன்னும் உயிரோடு இருந்தன. களிநண்டுகள் நீரைவிட்டு ஏறி, கரையில் கிடந்த கற்களிலும் புதர் வேர்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. சேற்றின் மேல் தாவித் திரியும் உளுவைகள் எவ்விதப் பாதிப்பும் இன்றித் திரிந்தன.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் உறுதியான சான்று அல்ல. சேர்த்துப் பார்த்தால் ஒரு திசையைக் காட்டின. பூச்சிக்கொல்லி கலந்த நீரில் மீனுக்கு முன்பே இறாலும் நண்டும் சாவது வழக்கம், ஏனெனில் பூச்சிகளைக் கொல்ல உருவாக்கிய மருந்துகள் பூச்சிகளின் உறவினங்களான ஓட்டுயிர்களையும் எளிதில் கொன்றுவிடும். இங்கே நண்டுகள் உயிரோடு வெளியேறியிருந்தன. காற்றிலும் மூச்சுவிடத் தெரிந்த உளுவை பிழைத்தது. உடல் பெரிதாக இருக்கும் மீனுக்கு மொத்தத்தில் ஆக்சிஜன் அதிகம் தேவை. மேல்நீர்ப் படலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கக் குஞ்சுகளால் முடியும், கொடுவாவால் முடியாது.

ஆனால் அதே நேரத்தில் எதிர்ச்சான்று ஒன்றும் இருந்தது. நண்பகலுக்குச் சற்று முன் உரிய அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கையடக்க மீட்டரால் கழியின் மேல்நீரை அளந்தார்கள். கரைந்த ஆக்சிஜன், காற்றிலிருந்து நீரில் இயல்பாகக் கரையக்கூடிய உச்ச அளவான நிறைவளவையும் விஞ்சியிருந்தது. எங்கள் மீட்டரும் அதையே காட்டியது. "தண்ணியில ஆக்சிஜன் நல்லா இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. அப்ப மருந்துதானே சார்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. கூடியிருந்தவர்கள் மூன்று காரணங்களைச் சொன்னார்கள்: இரவோடு இரவாக ஆலை நீரைத் திறந்துவிட்டார்கள், இறால் பண்ணைக் குளத்தைக் கழுவி விட்டார்கள், மீன் பிடிக்க யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள்.

கூட்டத்திலிருந்து சற்று விலகி நின்ற ஓர் அம்மாள் மட்டும் வேறொன்றைச் சொன்னார். ஆய்வு மாணவி அவரிடம் தனியே சென்று பேசியபோது கிடைத்த தகவல் இது: "நேத்து விடியக்காலமே மீனு மேல வந்து வாயப் பொளந்துகிட்டு நின்னுச்சு பாப்பா. எறாலு கரையோரமா ஒதுங்குச்சு, கையாலயே அள்ளுனோம். பொழுது ஏறுனதும் எல்லாம் உள்ள போயிடுச்சு." கழியில் இறங்கினால் சில நாட்களாகக் கால் மெட்டி கறுத்துப்போவதாகவும் அவர் சொல்லி, காலைத் தூக்கிக் காட்டினார். வெள்ளி உண்மையிலேயே கருநீலமாக இருண்டிருந்தது. அடிச்சேற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அதை ஆய்வகச் சான்றாக வைக்க முடியாது. எங்கே தேட வேண்டும் என்பதை அது எங்களுக்குக் காட்டியது.

அன்று எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அன்று காரணம் எதையும் அறிவிப்பதில்லை என்பது. பகல் அளவையும் மீன்களின் நிலையும் ஒன்றோடொன்று முரண்பட்டன. முரண் தீராமல் வாய் திறந்தால் அது ஏதோ ஒரு தரப்பின் வாதமாக மாறிவிடும். ஊர்ப் பெரியவர்களிடம், "இன்னும் ஓர் இரவு பொறுங்கள் ஐயா, பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

இரண்டாவது, செத்துப்போன மீன்களை விட்டுவிட்டுச் சாகும் நிலையில் இருந்த மீன்களை மாதிரியாக எடுத்தது. நம் ஊர் மே மாத வெயிலில் செத்த மீனின் செவுள் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதன் பின் நுண்ணோக்கியில் தெரியும் சிதைவு நோயினாலா, நஞ்சினாலா, அழுகலினாலா என்று பிரித்தறிய முடியாது. உயிர் ஊசலாடிய மீன்களின் செவுளை ஃபார்மலினில் இட்டோம். உடலைப் பனிக்கட்டியில் வைத்துப் பூச்சிக்கொல்லி எச்சம், கன உலோகம் ஆகியவற்றைச் சோதிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பூச்சிக்கொல்லிச் சோதனைக்கான நீரைப் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில் எடுத்தோம், ஏனெனில் சில மருந்துகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சில ஒளியில் சிதையும். ஆக்சிஜன் குறைவுதான் என்ற ஊகம் எங்களுக்கு அப்போதே வலுவாக இருந்தும் இந்தச் செலவைச் செய்தோம். பிறகு நஞ்சு இல்லை என்று சொல்ல நேர்ந்தால், தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முடிவு சங்கடமானது. தடைக்காலத்தில் கையில் காசில்லாத நேரத்தில், மிதக்கும் மீனைக் கருவாடாக்கச் சிலர் கூடைகளோடு வந்திருந்தார்கள். காரணம் தெரியும்வரை அதை உண்ணவோ விற்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வழியில்லை. அதற்கு ஈடாகக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னோம். இனவாரியாக எண்ணிக் குறித்த பின், ஊரார் உதவியோடு மீன்களை வாரி, கரையிலிருந்து விலகிய மேட்டில் குழி வெட்டிப் புதைத்தோம். அழுகும் ஒவ்வொரு மீனும் நீரில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மேலும் தின்னும் என்பதால் இதை மாலைக்குள் முடிக்க வேண்டியிருந்தது.

நான்காவது முடிவுதான் இந்த ஆய்வின் போக்கை நிர்ணயித்தது. மீன்கள் செத்தது விடியலுக்கு முன்; அளந்தது நண்பகலில். ஆகவே அன்று அந்தி முதல் மறுநாள் சூரிய உதயம் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மேல்நீரிலும் அடிநீரிலும் அளப்பது என்று தீர்மானித்தோம். சாக்கடை விழும் உள்முனை, கழியின் நடுப்பகுதி, சாலைக் குழாய்க்கு வெளியே ஆறு என்று மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தோம்.

இரவில் நீருக்கு நேர்வது

நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே கரையும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராமும், கடல்நீரில் சுமார் 6.2 மில்லிகிராமும்தான் நிறைவளவு. நீர் சூடாக ஆக இந்த அளவு குறையும்; அதே சூட்டில் மீனின் தேவையோ கூடும். பகலில் நீரில் உள்ள நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. சாக்கடைச் சத்து சேர்ந்த பச்சை நீரில் அது நிறைவளவைத் தாண்டியும் போகும். சூரியன் மறைந்ததும் உற்பத்தி நின்றுவிடுகிறது. அதே பாசி, மீன், சேற்றுப் பாக்டீரியா அனைத்தும் இரவு முழுவதும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன. எனவே இருப்பு மிகக் குறையும் நேரம் விடியலுக்குச் சற்று முன். காற்றடித்து நீர் அலைந்தாலோ ஓதம் புதுநீரைக் கொண்டுவந்தாலோ இழப்பு ஈடாகிவிடும்.

அந்த வாரத்தில் ஈடாகவில்லை. நிகழ்வுக்கு இரண்டு நாள் முன் மாலையில் கோடை மழை பெய்திருந்தது. மாதக்கணக்கில் கால்வாயில் தேங்கியிருந்த கசடு முழுவதையும் அது கழிக்குள் தள்ளியது. மழைநீர் எடை குறைந்தது. உவர்நீரின் மேல் அது தனி அடுக்காகப் பரவியதை உப்பளவு மானி காட்டியது. அடுக்குகள் கலக்காதபோது மேலே கரையும் காற்று அடிக்குப் போய்ச் சேர்வதில்லை. மழைக்கு மறுநாள் முழுவதும் மூட்டம். பாசியின் உற்பத்தியும் குறைந்தது. அன்றிரவு சோளகக் காற்றும் விழுந்துவிட்டதாக மீனவர்கள் கூறினர். பௌர்ணமி கழிந்து அஷ்டமியை நெருங்கிய நாட்கள் என்பதால் ஏற்றவற்றமும் மெலிந்திருந்தது. இந்தக் கடற்கரையில் பெருஓத நாட்களிலேயே நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்.

எஞ்சியிருந்த ஒரே வழி சாலைக் குழாய்கள். டார்ச் வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்தோம். இரண்டில் ஒன்று மணலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து முழுவதுமாக அடைபட்டிருந்தது. மற்றொன்றில் மேல்விளிம்பையொட்டிக் கையளவு இடைவெளி மட்டும் இருந்தது. அந்த இடைவெளியில் ஆகாயத்தாமரைத் தண்டுகள் சிக்கிக் கிடந்தன. ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்திலும் உட்புறத்தில் நாங்கள் நட்ட அளவுகோல் அசையவில்லை.

விடியற்காலைப் பாட்டில்கள்

மீட்டரோடு நிறுத்தாமல் விங்க்லர் முறையையும் பயன்படுத்தினோம். ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் மீட்டர்களைச் சரிபார்க்க உதவுகிறது. காற்றுக்குமிழி புகாமல் நிரப்பிய கண்ணாடி பாட்டிலில் மாங்கனீசு சல்ஃபேட்டையும் கார அயோடைடையும் நீர்மட்டத்துக்குக் கீழே சொட்டவிட்டு மூடிக் கவிழ்த்தால், ஆக்சிஜன் இருக்கும் அளவுக்கு ஏற்பப் பழுப்பு வீழ்படிவு உண்டாகும். ஆக்சிஜன் இல்லையென்றால் வீழ்படிவு வெள்ளையாகவே நிற்கும். பின்னர் அமிலம் சேர்த்துத் தயோசல்ஃபேட்டால் தரம்பார்த்துத் துல்லியமான அளவைப் பெறலாம். சாக்கடை கலந்த நீரில் நைட்ரைட் குறுக்கிடும் என்பதால் அசைடு சேர்த்த வினைப்பொருளைக் கொண்டு சென்றிருந்தோம்.

நள்ளிரவுக்குப் பின் கழியின் உள்முனை அடிநீரில் மீட்டர் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. நீர்வாழ் உயிர்களுக்கு ஆக்சிஜன் போதாத நிலையின் எல்லையாகப் பொதுவாக வைக்கப்படும் அளவு அது. விடியலுக்கு முந்தைய அளவீட்டின்போது, முதல் நாள் பேசிய அம்மாளும் மீன்பிடிக்கும் ஆண்கள் சிலரும் கரைக்கு வந்திருந்தார்கள். மூன்று பாட்டில்களையும் வரிசையாகச் சாலையோரக் கல்லில் வைத்து விளக்கைப் பிடித்தோம். ஆற்று நீர் பாட்டிலில் அடர்பழுப்புப் படிவு இறங்கியது. கழி நடுவின் மேல்நீர் பாட்டிலில் வெளிறிய மஞ்சள். உள்முனை அடிநீர் பாட்டிலில் பால் போல வெள்ளை. விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. மருந்து கலந்ததாக உறுதியாக நம்பியிருந்த ஒருவர், பாட்டிலை வாங்கி மீண்டும் குலுக்கி, வெள்ளை மாறவில்லை என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சல்ஃபைடு நிறைந்த அடிநீரில் விங்க்லர் முறை ஆக்சிஜனை உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். மேல்நீர் அளவும் மீட்டர் அளவும் அதே போக்கைக் காட்டியதால்தான் முடிவை நம்பினோம்; அடிநீர் பாட்டில் மட்டும் இருந்திருந்தால் நம்பியிருக்க முடியாது.

தொட்டிச் சோதனை

ஆக்சிஜன் இல்லை என்பது நிறுவப்பட்டது. நஞ்சும் சேர்ந்து இருக்கிறதா என்ற கேள்வி மீதியிருந்தது. விடியலுக்கு முன் உள்முனையிலிருந்து எடுத்த நீரை இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் ஊற்றினோம். ஒன்றில் மீன்தொட்டிக்குப் போடும் பேட்டரிக் காற்றுப் பம்பை இட்டோம், மற்றதில் இல்லை. மூன்றாவது தொட்டியில் ஆற்று நீர். வீச்சுவலையில் ஆற்றிலிருந்து பிடித்த சில மடவைக் குஞ்சுகளை மூன்றிலும் விட்டோம். காற்றில்லாத தொட்டியில் அவை உடனே மேலே வந்தன. சமநிலை இழக்கத் தொடங்கியதும் எடுத்து ஆற்று நீருக்கு மாற்றிவிட்டோம். பம்பு ஓடிய தொட்டியில், அதே கழி நீரில், குஞ்சுகள் அன்று மாலைவரை இயல்பாக நீந்தின.

எளிய சோதனை, ஊராருக்கு எளிதில் புரிவதும்கூட. ஆனாலும் இதற்கும் வரம்பு உண்டு. காற்றைச் செலுத்தும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆவியாகக் கூடிய வேறு சில பொருட்களும் வெளியேறிவிடும். ஆகவே சல்ஃபைடு துணைக்காரணமாக இருந்திருக்கலாம் என்பதை இந்தச் சோதனை மறுக்கவில்லை; கறுத்த மெட்டியையும் அழுகிய முட்டை நாற்றத்தையும் வைத்துப் பார்த்தால் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆய்வக முடிவுகள் சில வாரங்கள் கழித்து வந்தன. சோதித்த பூச்சிக்கொல்லிகள் எதுவும் கண்டறியும் அளவில் இல்லை. உலோக அளவுகள் திடீர்ச் சாவை விளக்கப் போதுமானவையாக இல்லை. செவுள்களில் நஞ்சின் அரிப்பு தெரியவில்லை. அமோனியா மட்டும் மிகுந்திருந்தது. ஆனால் அமோனியாவின் நச்சு வடிவம், நீரின் காரத்தன்மை கூடும் பிற்பகலில்தான் பெருகும். காரத்தன்மை மிகக் குறையும் விடியலில் அது தணியும். மீன்கள் செத்த நேரத்தை இது விளக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து, அடைபட்ட குழாய், சாக்கடைச் சுமை, கோடை மழை, அசைவற்ற இரவு ஆகியவை ஒன்றுசேர்ந்து நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டதே சாவுக்குக் காரணம் என்று அறிக்கை எழுதினோம்.

பின்னர் நடந்தவை

அறிக்கையில் நஞ்சு இல்லை என்று இருந்ததைப் படித்த அலுவலகம், இதை இயற்கை நிகழ்வு என்று வகைப்படுத்திக் கோப்பை மூடியது. அதனால் இழப்பீட்டுக்கு வழியில்லாமல் போயிற்று. எங்களுக்கு இது மிகுந்த வேதனையைத் தந்தது. மழையும் காற்றில்லாத இரவும் இயற்கைதான். பாலத்தை எடுத்துவிட்டுக் குறுகிய குழாயைப் பதித்ததும், அதைத் தூர்வாராமல் விட்டதும், சுத்திகரிக்காத சாக்கடையைக் கழியில் விட்டதும் மனிதர் செய்தவை. இதே மழை திறந்த கழியில் பெய்திருந்தால் மீன்கள் ஆற்றுக்கு ஓடிப் பிழைத்திருக்கும். இதை விளக்கி, குழாயின் படங்களையும் இரவு அளவுகளின் வரைபடத்தையும் சேர்த்து இரண்டாவது அறிக்கை அனுப்பினோம். இழப்பீடு கிடைக்கவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு குழாய்களும் இயந்திரத்தால் தூர்வாரப்பட்டன. ஊராட்சியில் மனு கொடுத்து அதைத் தொடர்ந்து வலியுறுத்தியவர்கள் இறால் பிடிக்கும் பெண்களே.

தூர்வாரிய பின் உள்முனையில் ஓதம் ஏறி இறங்குவதை அளவுகோல் காட்டியது. அடுத்த கோடையில் விடியற்கால அளவுகள் மீன்கள் சாகும் நிலைக்கு இறங்கவில்லை. என்றாலும் 4 மில்லிகிராமுக்கு மேல் நிலைத்ததாகச் சொல்ல முடியாது. உள்முனைச் சேறு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. தை மாதத்திலேயே இறால் மீண்டும் கைக்கு அகப்பட்டதாகப் பெண்கள் கூறினர். ஆனால் சாக்கடைப் பக்கம் அவர்கள் இறங்குவதில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மீன்சாவு நிகழ்ந்த இடத்தில் எடுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் நேரத்தைக் குறிப்பது கட்டாயமாக வேண்டும். பகல் அளவை மட்டும் வைத்து ஆக்சிஜன் குறைவை மறுக்கும் வழக்கத்தை அலுவலகங்களும் கல்லூரிகளும் கைவிட வேண்டும். அடிச்சேற்றின் மாதிரியை முதல் நாளிலேயே எடுத்து சல்ஃபைடை நேரடியாக அளப்பது, இங்கே தீராமல் நின்ற கேள்வியைத் தீர்த்திருக்கும். இப்போது எங்கள் பெட்டியில் அதற்கான பொருட்கள் இருக்கின்றன. அறிக்கையின் முதல் பத்தியிலேயே, ஆக்சிஜன் ஏன் தீர்ந்தது, அதற்குப் பொறுப்பான கட்டுமானமும் கழிவும் எவை என்பதை எழுதுவதும் அவசியம். அதை உள்பக்கங்களில் வைத்தால் கோப்பு அதற்கு முன்பே மூடப்பட்டுவிடுகிறது.

வினைப்பொருட்களை ஊரிலேயே வைத்து, பெண்களே பாட்டிலில் படிவை உண்டாக்கட்டும் என்ற யோசனை எழுந்தது. காரக் கரைசல் தோலை அரிக்கும், அசைடு நஞ்சு என்பதால் அதைக் கைவிட்டோம். அதற்கு மாறாக ஒரு குறிப்பேட்டைக் கொடுத்திருக்கிறோம். மீன் மேலே வந்து வாய் பிளந்தால், இறால் கரை ஒதுங்கினால், நண்டு நீரைவிட்டு ஏறினால் நாளும் நேரமும் எழுதி, கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்காக மீன், இறால், நண்டு ஆகியவற்றின் படங்களை அச்சிட்டு, கோடு போட்டால் போதும் என்று மாணவி அமைத்துக் கொடுத்தார். செய்தி வந்தால் மறுநாள் விடியலுக்கு முன் மீட்டரோடு ஒருவர் போவது என்பது ஏற்பாடு.

குழாய்களை ஆண்டுதோறும் சித்திரைக்கு முன் தூர்வாருவது, குழாய்க்குப் பதிலாக மீண்டும் பாலம் கட்டுவது, சாக்கடைக் கால்வாயைக் கழியிலிருந்து திருப்புவது என்ற மூன்று கோரிக்கைகளுள் முதலாவது மட்டும் ஏற்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும் உரிய துறையின் பரிசீலனையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆதரவாக விடியற்கால அளவுகளைத் தொடர்ந்து சேர்த்து வருகிறோம்.